இருபத்தேழாம் குளம்

செல்வக்கனி பேசி முடித்துவிட்டாள். முப்பத்தைந்து நிமிஷம், நடுவில் ஒரு மடக்குத் தண்ணீர்கூடக் குடிக்காமல், மூச்சு விட்டால் யாராவது கேள்வி கேட்டுவிடுவார்கள் என்று பயந்தவள் போல ஒரே மூச்சாகப் பேசினாள். இனி பேச ஒன்றுமில்லை. இனி அவர்கள் கேட்க வேண்டும், இவள் நின்று பதில் சொல்ல வேண்டும். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு என்றால் அவ்வளவுதான், ஆறு வருஷம் சேற்றில் நடந்ததற்கு ஒரு மணி நேரம் இந்த மரமேசைக்குப் பின்னால் நிற்கிற தண்டனை. முதல் வரிசையில் புறத்தேர்வாளர் மாசிலாமணி, கோயம்புத்தூரிலிருந்து காலை ரயிலில் வந்திறங்கியவர், அவளுடைய ஆய்வேட்டை மடியில் வைத்து விரலில் எச்சில் தொட்டுத் தொட்டுப் புரட்டிக்கொண்டிருந்தார். என்ன நிதானம் பாருங்கள் அந்த மனுஷனுக்கு. எண்பத்தோராம் பக்கத்தில் அட்டவணை. நூற்றுப்பன்னிரண்டில் வரைபடம். இப்போது ஐம்பது, ஐம்பத்தைந்தில் இருப்பார் என்று இவள் தாளின் தடிமனை வைத்துக் கணக்குப் போட்டாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஒன்பதே முக்காலுக்குத் துறைத்தலைவர் அறையில் டீ குடிக்கும்வரை. அங்கே வைத்துத்தான் மாசிலாமணி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, இவளைப் பார்த்துச் சிரித்து, "உங்க லிஸ்ட்ல இருபத்தேழாவது இருக்குல்லாம்மா, நெடுஞ்சாம்பேரி, அது எங்க ஊருக் கொளம்," என்றார். அதற்கு இவள் என்ன சொன்னாள் என்பது இவளுக்கே நினைவில்லை. அப்படியா சார் என்று சொல்லியிருப்பாள். வேறென்ன சொல்ல முடியும்.

பின்னால் திரையில் அந்த வரைபடம் இன்னும் நிற்கிறது, மாற்ற மறந்துவிட்டாள், இப்போது மாற்றினால் எதற்கு மாற்றுகிறாள் என்று தோன்றும். ஆற்றுக்கு இரண்டு பக்கமும் நாற்பத்துமூன்று குளம், நீர்முள்ளி கண்ட இடமென்று நாற்பத்துமூன்று சிவப்புப் புள்ளி. நாற்பத்திரண்டு நிஜம். நீர்முள்ளி இல்லாத குளம் எங்கே இருக்கிறது சொல்லுங்கள். ஆப்பிரிக்காவில் இருக்கிறது, இலங்கையில் இருக்கிறது, பர்மாவில் இருக்கிறது. நாலு மாசம் நீர் நின்று வற்றுகிற இடம் எதுவானாலும், குளத்து விளிம்பு, வாய்க்கால் ஓரம், வயல் வரப்பு, எருமை மிதித்த பள்ளம், ரயில்வே குழியில் தேங்கின தண்ணீர், எங்கேயும் வந்து நின்றுகொள்ளும். ஆழத் தண்ணீர் ஆகாது, முழுக் காய்ச்சலும் ஆகாது, நடுவில் சேறாக இருந்தால் போதும். கணுவுக்குக் கணு முள், அதனால் ஆடு வாய் வைக்காது. ஊதாப் பூ. விதையில் தண்ணீர் பட்டால் கொழகொழவென்று பிசின் விடும், கொக்கின் காலில் ஒட்டும், மாட்டின் குளம்பில் ஒட்டும், எந்தக் குளம், யாருடைய குளம் என்று ஒரு விசாரிப்பும் இல்லாமல் போய் இறங்கிவிடும். புத்தகத்துக்குப் புத்தகம் 'பரவலாகக் காணப்படுவது' என்று ஒரு வரி எழுதிவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடுகிறார்கள். அரிய செடியாக இருந்தால் ஆயிரம் பேர் தேடிப் போவார்கள், இதைப் போய் யார் பார்ப்பது. அதனால்தான் நெறியாளர் தமயந்தி மேடம் இந்தத் தலைப்பைத் தந்தார்கள், "இருக்குன்னு எல்லாரும் சொல்லுதாங்க கனி, எங்கெங்க இருக்குன்னு ஒருத்தரும் எழுதல, நீ எழுது," என்றார்கள். எழுதினாள். ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு செடி, ஒவ்வொரு செடிக்கும் ஒரு தாள், தாளில் குளத்தின் பெயர், தேதி, எடுத்தவர் பெயர். செல்வக்கனி, செல்வக்கனி, செல்வக்கனி என்று நாற்பத்துமூன்று தடவை. ஒரு தடவை பொய்யாக.

அது நவம்பர் கடைசி. மழை நின்று பத்து நாள் ஆகியிருந்தது. இருபத்தாறாவது குளத்தைக் காலையிலேயே முடித்துவிட்டு, எடுத்த செடியை வைத்து அழுத்துகிற பலகையைக் கயிறு போட்டுக் கட்டித் தோளில் மாட்டிக்கொண்டு, ஊருக்குப் பாதை பிரிகிற விலக்கில் பஸ்ஸை விட்டு இறங்கி மூன்று கிலோமீட்டர் நடந்து நெடுஞ்சாம்பேரிக் கரையில் ஏறினாள். காலெல்லாம் முள் கீறி எரிந்துகொண்டிருந்தது, ஆனாலும் மனசு சந்தோஷமாகத்தான் இருந்தது, அன்றைக்கு இரண்டு குளம் முடிந்துவிடும் என்று. கரையில் ஒரு பனை நிழலில் சைக்கிளைச் சாத்திவிட்டு ஒருவர் உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயசிருக்கும். துண்டை உதறிப் போட்டுக்கொண்டு, "யாரும்மா, எங்க போற," என்றார். காலேஜ்லருந்து வாரேன் அண்ணாச்சி, செடி எடுக்கணும். "எந்த ஊரு?" சொன்னாள். "அங்க எந்தத் தெரு?" அதையும் சொன்னாள். அந்த இடத்தில்தான், அந்த இடத்தில் ஒரு பொய் சொல்லியிருக்கலாம், பொய் சொல்ல வேண்டிய இடத்தில் நிஜம் சொன்னாள், நிஜம் சொல்ல வேண்டிய இடத்தில் பொய் எழுதினாள், என்ன பிழைப்பு இது. தெருப் பெயரைக் கேட்டதும் அவர் முகம் ஒன்றும் மாறவில்லை. கோபப்படவில்லை. கத்தவில்லை. "சரி, கொளத்துக்குள்ள எறங்காத தாயி. கோயில் கொடைக்குத் தீர்த்தம் எடுக்கிற கொளம்," என்றார். அதோடு நிறுத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை. "வெயிலாருக்கு, விலக்குல கடை இருக்கு, ஒரு சோடா குடிச்சிட்டுப் போ," என்றார். இவள், "சரி அண்ணாச்சி," என்று சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

அந்த 'சரி'தான். மற்றதெல்லாம்கூட ஆறிப்போயிற்று, அந்த ஆளின் முகம் மறந்துபோயிற்று, துண்டின் நிறம் மறந்துபோயிற்று, அந்த 'சரி அண்ணாச்சி' மட்டும் சோறு பிசையும்போது வருகிறது, பிள்ளைக்குத் தலை பின்னும்போது வருகிறது, வகுப்பில் செல்லின் படத்தைக் கரும்பலகையில் வரைந்துகொண்டிருக்கும்போது சாக்பீஸ் நுனியில் வந்து நிற்கிறது. ஏன் சரி என்றாள். அடையாள அட்டை இருந்தது, கல்லூரிக் கடிதம் இருந்தது, அது பொதுப்பணித்துறைக் குளம், யாருக்கும் பாத்தியதை இல்லை என்று சட்டம் பேசத் தெரியும், இதே வாயால் மாணவிகளுக்கு எவ்வளவு பேசியிருக்கிறாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் இறங்காமல் திரும்பினாலும் தலை நிமிர்ந்து திரும்பியிருக்கலாம். சோடா வேறு குடித்தாள். ஆமாம், விலக்குக் கடையில் நின்று பன்னீர் சோடா குடித்தாள், அந்த ஆள் சொன்னபடியே குடித்தோம் என்பது பாதிச் சோடாவில்தான் உறைத்தது. திரும்பும் முன் கரையிலிருந்து ஒரு தடவை உள்ளே பார்த்தாள். கிழக்கு மடை ஓரம் ஏதோ ஊதாவாகத் தெரிந்தது. நீர்முள்ளியாக இருக்கலாம். ஆகாயத்தாமரையாக இருக்கலாம். பாலித்தீன் பையாகவும் இருக்கலாம்.

வீட்டுக்காரர் முருகையாவிடம்கூடச் சொல்லவில்லை. மின்வாரியத்தில் லைன்மேன், எந்தத் தெருவிலும் கம்பத்தில் ஏறுகிற மனுஷன், கேட்டால் அன்றைக்கே பைக்கை எடுத்துக்கொண்டு அந்தக் கரைக்குப் போயிருப்பார், போய் என்ன ஆகியிருக்குமோ. மேடத்திடமும் சொல்லவில்லை. மேடம் நல்லவர்கள்தான், தங்கமானவர்கள், ஆனால் இதைச் சொன்னால் 'ஐயோ பாவம்' என்று ஒரு பார்வை பார்ப்பார்கள் பாருங்கள், அதைத் தாங்க முடியாது. டிசம்பரில் பட்டியலைப் பார்த்துவிட்டு மேடம், "இருபத்தேழு என்னாச்சு? ஒண்ணு விட்டுப்போனா மேப்பு பொக்கைவாய் மாதிரி இருக்கும், ஒரு எட்டு போயிட்டு வந்துரு," என்றார்கள். சரி மேடம். அதற்கும் சரி. போகவில்லை. ஒரு சனிக்கிழமை ஆய்வகத்தில் யாரும் இல்லாதபோது, இருபத்தாறாவது குளத்துச் செடியில் இரண்டு கிளை இருந்ததல்லவா, ஒரு கிளையை ஒடித்து வேறு தாளில் வைத்துத் தைத்தாள். நூலை வாயில் கடித்து அறுத்தாள். 'நெடுஞ்சாம்பேரி, கிழக்கு மடை, சேற்று விளிம்பு, ஏராளம்' என்று எழுதினாள். ஏராளம் என்று எழுதச் சொன்னது யார். கை அதுவாக எழுதியது. எழுதியபோது குற்றமாகத் தெரியவில்லை, அதுதான் வேடிக்கை, ஒரு பழிவாங்கின நிறைவுதான் இருந்தது, நீ இறங்க விடாவிட்டால் என்ன, இறங்கிவிட்டேன் பார், ஏராளமாக எடுத்துவிட்டேன் பார் என்று. அந்த நிறைவு ஒரு வாரம்கூட இருக்கவில்லை.

மாசிலாமணி அடுத்த பக்கத்தைப் புரட்டினார். வேதியியல் துறையிலிருந்து வந்த ஒருவர் எழுந்து நீரின் காரத்தன்மை பற்றி ஏதோ கேட்டார், இவள் வாய் பதில் சொன்னது, ஏழு புள்ளி இரண்டிலிருந்து எட்டு புள்ளி ஆறு வரை சார், உவர்ப்புக் கூடின இடத்தில் செடி குட்டையாக இருக்கிறது சார் என்று. வாய் ஒரு பக்கம் பேசிக்கொண்டிருக்கக் கண் மாசிலாமணியை விட்டு நகரவில்லை. எந்தத் தெருவாக இருக்கும் இவர். பெயரை வைத்து ஒன்றும் சொல்ல முடியவில்லை, மாசிலாமணி யார் வீட்டிலும் இருக்கலாம். நெற்றியில் ஒன்றுமில்லை. கையில் கயிறு இருக்கிறதா என்று பார்த்தாள், முழுக்கைச் சட்டை, தெரியவில்லை. இனிஷியலை மட்டும் போட்டிருக்கிறார். படித்துப் பெரிய உத்தியோகத்துக்குப் போனவர், நிலபுலன் இருந்திருக்கும், குளத்துப் பாசனமாக இருக்கும், கொடைக்கு வரி கொடுக்கிற வீடாக இருக்கும், அந்தப் பனை நிழலில் உட்கார்ந்திருந்த ஆள் இவருக்குச் சித்தப்பா மகனாகக்கூட இருக்கலாம், ஜாடை இருக்கிறதா, மூக்கு அப்படியே இருக்கிற மாதிரி இல்லையா. சட்டென்று தன் மேலேயே அருவருப்பு வந்தது. எந்த ஊரு, அங்க எந்தத் தெரு. துண்டை உதறிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறவளாக அவளே ஆகிவிட்டாளே. ஆனாலும் கண் திரும்பவும் அந்த மணிக்கட்டுக்குத்தான் போயிற்று. அவள் என்ன செய்வாள்.

புடவையில் ஊக்கு குத்திக்கொண்டிருந்தது. ப்ரொஜெக்டரின் சூடு இடது கன்னத்தில் அடித்துக்கொண்டே இருந்தது. கடைசி வரிசையில் முருகையா வெள்ளைச் சட்டையில், கைகட்டி, கோயிலில் உட்கார்ந்திருப்பது போல உட்கார்ந்திருந்தார். பக்கத்துப் பெஞ்சில் அவரே போய் வாங்கிவந்த வடையும் அல்வாவும் அறுபது பொட்டலமாக அடுக்கியிருந்தன, வடை வாசனை மேசை வரைக்கும் வந்தது. தேர்வு முடிந்ததும் எல்லாருக்கும் அதைக் கொடுத்துக் கை கொடுப்பார்கள், டாக்டர் செல்வக்கனி என்பார்கள். ஜூனில் துறையில் ஒரு நிரந்தர இடம் வருகிறது, பட்டம் கையில் இருந்தால்தான் விண்ணப்பிக்க முடியும், ஒன்பது வருஷமாகக் கௌரவ விரிவுரையாளராக ஒவ்வொரு ஏப்ரலிலும் கூப்பிடுவார்களா மாட்டார்களா என்று கிடந்தவளுக்கு இது ஒரே வழி. இப்போது அவர் கேட்பார். கிழக்கு மடை என்று எழுதியிருக்கிறீர்களே, கிழக்கே மடையே கிடையாதே என்பார். அல்லது, நீங்கள் சொல்கிற நவம்பரில் குளத்தில் ஆள் முங்குகிற தண்ணீர் ஆயிற்றே என்பார். அல்லது, எங்கள் குளத்தில் நீர்முள்ளி கிடையவே கிடையாது என்பார், அப்புறம் மற்ற நாற்பத்திரண்டையும் சந்தேகப்படுவார்கள், நியாயம்தானே, ஒரு தாள் பொய் என்றால் எல்லாத் தாளும் பொய். நிஜத்தைச் சொல்லலாம் என்றால், எப்படிச் சொல்வது. புள்ளி பொய் என்று மட்டும் சொல்லி நிறுத்த முடியாது, ஏன் என்பார்கள், ஏன் என்றால் தெருவைச் சொல்ல வேண்டும், அந்த 'சரி'யைச் சொல்ல வேண்டும், அந்த ஊர்க்காரர் முன்னால், அறுபது பேர் முன்னால், கைகட்டி உட்கார்ந்திருக்கிற முருகையா முன்னால். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. இரண்டு கையாலும் மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நெடுஞ்சாம்பேரி," என்றார் மாசிலாமணி. புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை. "அதுல எந்தப் பக்கம்மா பாத்தீங்க?" கிழக்கு மடைப் பக்கம் சார். குரல் அவ்வளவு தெளிவாக வந்தது, இவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "நெறைய இருந்துச்சா?" ஆமா சார். "பூத்திருந்துச்சா?" ஆமா சார், நவம்பர்ல்லா. இப்போது அவர் தலையைத் தூக்கிவிட்டார், முன்னால் சாய்ந்தார், மடியிலிருந்து புத்தகம் நழுவுவதைக்கூடக் கவனிக்கவில்லை. "மடைக்கு உள்ளார இறங்கி எடுத்தீங்களா? சேறு எவ்வளவு இருக்கும், முழங்கால் இருக்குமா? அந்தப் பக்கம் கல்லு ஏதும் கட்டியிருக்கா, மண்ணுதானா?" கேட்டுக்கொண்டே போனார். மடக்குகிற கேள்விகள் இல்லை இவை. இருபது வருஷம் ஊருக்குப் போகாதவன் ஊரிலிருந்து வந்தவனைப் பிடித்து வைத்துக் கேட்பது போலக் கேட்டார், கண்ணெல்லாம் மலர்ந்திருந்தது. செல்வக்கனிக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது, இவருக்குத் தெரியாது. முழங்கால் என்றால் முழங்கால், கல் என்றால் கல், என்ன சொன்னாலும் வாங்கிக்கொள்வார். தப்பித்தாகிவிட்டது. ஒரு ஆமா சார் சொன்னால் போதும், கையெழுத்துப் போட்டுவிடுவார், அல்வாவைப் பிரித்துவிடலாம். அந்த ஆமா வாய்வரை வந்தது. அந்த முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை, என்ன இழவோ, சந்தேகப்பட்டிருந்தால் சொல்லியிருப்பாள், மனுஷன் நம்பிவிட்டார்.

"சார், நான் எறங்கல," என்றாள். என்னம்மா என்றார். "கொளத்துக்குள்ள நான் எறங்கல சார். கரையிலேயே நிப்பாட்டிட்டாங்க. எந்தத் தெருன்னு கேட்டாங்க. சொன்னேன். தீர்த்தக் கொளம், எறங்காதன்னாங்க. சரின்னு திரும்பி வந்துட்டேன். அந்தத் தாள்ல இருக்கது இருபத்தாறாவது கொளத்துச் செடி சார், நான்தான் ஒடிச்சு வச்சேன்." தமயந்தி மேடம், "கனி," என்றார்கள் மெதுவாக. முருகையா கையைப் பிரித்துக்கொண்டு எழுந்து நிற்பது தெரிந்தது, அந்தப் பக்கம் பார்க்காமலிருக்க முயன்றாள். மாசிலாமணி குனிந்து கீழே விழுந்த ஆய்வேட்டை எடுத்தார், தூசி தட்டினார், அட்டவணைப் பக்கத்தைப் பிரித்து விரலை வைத்துக்கொண்டார். "பதினேழு வயசு வரைக்கும் நான் அந்த ஊர்லதாம்மா இருந்தேன்," என்றார் பிறகு. "எங்க வீட்டுப் பின்னால நின்னா கரை தெரியும். கரைக்கு அங்கிட்டு என்ன இருக்குன்னு எனக்குத் தெரியாது. எங்க தெருவுல யாருக்கும் தெரியாது. முப்பத்திரண்டு வருஷமா நீர்ச்செடி பாடம் எடுக்கேன், அந்தக் கொளத்துல என்ன மொளைக்குன்னு கேட்டா சொல்லத் தெரியாது. உங்க புத்தகம் தபால்ல வந்ததும் மொதல்ல அந்தப் பக்கத்தத்தான் பாத்தேன். புள்ளி இருந்துச்சு. யாரோ ஒரு புள்ள எறங்கிப் பாத்துருச்சேன்னு, வீட்ல எல்லார்ட்டயும் காட்டினேன்."

செல்வக்கனிக்கு அப்போதுதான் அழுகை வந்தது. ஏமாற்றியது இவரைத்தான் என்று ஆகிவிட்டதே, உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க இவரைப் போய். அவர் பேனாவைத் திறந்துவிட்டார். மேடம் பாதி எழுந்து, "சார், அட்டவணைல அத சுழியா மாத்திரலாம் சார், இன்னைக்கே திருத்திக் குடுத்திருதோம்," என்றார்கள். "சுழி போடாதீங்க மேடம்," என்றார் அவர். "சுழின்னா போய்ப் பாத்தோம், இல்லன்னு அர்த்தம். அங்க யாரு பாத்தா. கட்டத்த வெறுசா விடுங்க. அந்தத் தாள எடுத்து இருபத்தாறோட சேத்துருங்க. மிச்சத் தாள் பூராவும் நான் ஒரு தடவை உக்காந்து பாக்கணும், அது முடியிற வரைக்கும் கையெழுத்துப் போட மாட்டேன். உங்க துறைத்தலைவர் வேலையப் பத்திச் சொன்னாரு, ஆனா ஜூனுக்குள்ள முடியாதும்மா, மன்னிச்சிக்கிடுங்க." இவள் தலையை ஆட்டினாள். ஜூன் போயிற்று. போனது தெரிந்தது, ஆனால் மேசையைப் பிடித்திருந்த விரல்கள் தானாக விட்டிருந்தன. "கட்டத்துக்குக் கீழ ஒரு குறிப்பு வரணும்," என்றார். "ஏன் வெறுசா இருக்குன்னு. நீங்களே எழுதுங்க, முழுசா எழுதுங்க, எந்தத் தேதி, யாரு என்ன கேட்டா, நீங்க என்ன சொன்னீங்க, எல்லாம்." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு இவள், "ஊர்ப் பேரு போட்டா சார்?" என்று கேட்டாள். அவர் எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தவில்லை.

"அது என் ஊரும்மா," என்றார். "போடுங்க."